கல்லீரல் மாத்திரை வாங்கலாமா அக்கா?

கே: அம்மாவுக்கு 61 வயது. பித்தநீர் நாளங்கள் மெல்லச் சிதையும் நோய், ‘பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ்’ என்கிறார்கள். மருத்துவர் உர்சோ மாத்திரை தருகிறார். ‘பித்தநீர் பாதிப்பிலிருந்து கல்லீரலைக் காக்கும் இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று ஒரு டப்பா, மூன்று மாதத்துக்கு 480 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). மில்க் திஸில் என்ற மூலிகை, மஞ்சள் சாறு, வைட்டமின் இ கலந்தது. வாங்கலாமா அக்கா? (ஈசூன்)

ப: வேண்டாம் தம்பி.

டப்பாவில் இருப்பது முழுப்பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அரை உண்மை, அதனால்தான் எனக்குக் கோபமே. பித்தநீர் குடலுக்கு இறங்காமல் கல்லீரலில் தேங்கினால் அதிலுள்ள அமிலங்கள் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும், ஆக்ஸிஜனேற்றச் சேதம் கூடும். இதை ஆன்டிஆக்ஸிடன்ட் தடுக்குமா என்று பார்க்க, சோதனைக்கூடத்தில் எலியின் பித்தநாளத்தைக் கட்டிவிட்டு மில்க் திஸில் விதையின் சிலிமரினையும் மஞ்சளின் குர்குமினையும் கொடுத்துப் பார்க்கிறார்கள், பல சோதனைகளில் காயம் குறைந்தும் இருக்கிறது. ஆனால் அது எலி, ஒரே நாளில் நாளம் கட்டப்பட்ட எலி. உங்கள் அம்மாவின் நோய் வருஷக்கணக்கில் ஊர்ந்து வந்தது. எலிக்குக் கிடைத்ததைக் காட்டி மனிதருக்கு விற்பவர்கள் அந்த ‘எலி’ என்ற சொல்லை மட்டும் துண்டுப்பிரசுரத்தில் போடுவதே இல்லை! நான் பார்த்த ஒவ்வொன்றிலும் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்றுதான் இருக்கிறது.

அப்புறம், சிலிமரினை வாய்வழி சாப்பிட்டால் உடம்பில் ஏறுவது சொற்பம். வைட்டமின் இ கொழுப்பில் கரைவது, அதை உறிஞ்சவே பித்தநீர் வேண்டும். பித்தநீர் சரியாக இறங்காதவருக்கு வைட்டமின் இ டப்பாவை விற்பது என்ன நியாயம்? குறைபாடு இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரியும், எதை எவ்வளவு தருவது என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

உர்சோ, அதாவது உர்சோடியாக்சிகோலிக் அமிலம், இந்த நோய் உள்ள மனிதர்களிடமே சோதித்து அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. வழக்கமாக நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். அம்மாவின் எடை மாறியிருந்தால் மாத்திரை அளவையும் மாற்ற வேண்டுமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள், அந்தக் கேள்வி 480 வெள்ளியை விட உபயோகமானது.

நானும் ஏமாந்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் அக்காவுக்காக மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரை இரண்டு டப்பா வாங்கினேன், கடைக்காரர் ‘சமையல் பொருள்தானே’ என்றார், நம்பினேன். குர்குமின் தானாக ரத்தத்தில் அதிகம் ஏறாது, அதை ஏற்றத்தான் மிளகின் பைப்பரின். அப்படி ஏற்றிய மாத்திரைகளால் கல்லீரலே வீங்கியவர்கள் உண்டு, இத்தாலியில் 2019இல் இதற்காகவே எச்சரித்தார்கள். மூன்றாம் மாதம் அக்காவின் ரத்த அறிக்கையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ஏறியிருந்தன. நிறுத்தியதும் இறங்கின. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

கே: பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை கல்லீரலைச் சுத்தம் செய்யுமா? (பிடோக்)

ப: செய்யாது. தேநீராகக் குடியுங்கள். மாத்திரையாக எடுத்து, பச்சைத் தேயிலையில் உள்ள இஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராம் அளவைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இலேயே சொல்லிவிட்டது.

கே: நேரலை விற்பனையில் கல்லீரல் மாத்திரை ஆறு பாட்டில் வாங்கினேன், பாதி விலை. நாலு பாட்டில் அடுத்த மாதம் காலாவதி. பணம் திரும்பக் கிடைக்குமா? (உட்லண்ட்ஸ்)

ப: காலாவதித் தேதி திரையில் காட்டப்பட்டதா என்று கேட்டதற்கு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன மாத்திரை என்றாவது பார்த்தீர்களா? விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இங்கே ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. நீங்கள் படிக்காவிட்டால் உங்களுக்காக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

கே: என் கண் மஞ்சளாக இருக்கிறது, உடம்பெல்லாம் அரிப்பு. தேக்காவில் நல்ல கீழாநெல்லிப் பொடி எந்தக் கடையில் கிடைக்கும்? (ஜூரோங் வெஸ்ட்)

ப: கடை சொல்ல மாட்டேன் ஐயா. இன்றே மருத்துவரிடம் போங்கள், காய்ச்சலோ வயிற்று வலியோ இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. பித்தநாளத்தைக் கல் அடைத்திருந்தால் எந்தப் பொடியும் அதை நகர்த்தாது.

கே: அப்பாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். போன திங்கள் கதவைத் தட்டி வந்த ஒருவர் ‘கல்லீரல் நோயே வராது’ என்று சொல்லி 1,200 வெள்ளிக்கு மாத்திரை விற்றுக் கையெழுத்து வாங்கிவிட்டார். அப்பா வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாதே என்கிறார். (அங் மோ கியோ)

ப: அப்பாவைத் திட்டாதீர்கள் தங்கச்சி. வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை, நோய் வராமல் தடுக்கும் என்று சொல்லி இப்படிப்பட்ட மாத்திரையை விற்கவே கூடாது.

நாம் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஐந்து நாள் அவகாசம் உண்டு, சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. இன்றே எழுத்து மூலம் ரத்துக் கடிதம் அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் கடந்திருந்தாலும் விடாதீர்கள், பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுங்கள். அதுவும் நடக்கவில்லையா, சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இந்தத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வந்தவர் சொன்னதை அப்பா மறப்பதற்குள், அப்பாவின் சொந்த வார்த்தையிலேயே இன்று ராத்திரி எழுதி வாங்குங்கள். டப்பாக்களைத் திறக்க வேண்டாம்.