அரசு கைகொடுத்தால் என் விமானப் பங்கு பிழைக்குமா?

கேள்வி: விமான நிறுவனம் ஒன்றின் 500 பங்குகள் வைத்திருக்கிறேன். விலை பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அரசு நிதியுதவி வரப்போகிறது என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறுவனம் பிழைத்தாலும் பழைய பங்கு பிழைக்கும் என்று நம்ப முடியாது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010 ஜனவரியில் திவாலானபோது, அரசு ஆதரவு பெற்ற அமைப்பு 35,000 கோடி யென் முதலீடு செய்தது. விமானங்கள் தொடர்ந்து பறந்தன. பழைய பங்குகளோ அடியோடு ரத்தாயின. 2012 செப்டம்பரில் லாபக் கணக்கோடு சந்தைக்குத் திரும்பிய நிறுவனத்தில் பழைய பங்குதாரருக்கு எதுவும் இல்லை.

லுஃப்தான்சா அவ்வளவு மோசமில்லை. 2020இல் 900 கோடி யூரோ உதவித் தொகுப்பில், ஜெர்மன் அரசு புதிய பங்குகளைத் தலா 2.56 யூரோவுக்கு, சந்தை விலையைவிட மிகக் குறைவாக வாங்கி, 20% பங்கைப் பெற்றது. இதன் விளைவை இப்படிப் பாருங்கள்: 10 ரூபாய் விலையில் 100 பங்குகள், அரசு 2.50 வீதம் 25 புதிய பங்குகள் எடுக்கிறது. மொத்த மதிப்பு 1,062.50, பங்குகள் 125. ஒரு பங்கு 8.50. தொழிலில் எதுவும் மாறாமலே உங்களுக்கு 15% போயிற்று. 2022இல் லுஃப்தான்சா பங்குகளை விற்று முடித்த ஜெர்மன் அரசு லாபம்தான் பார்த்தது.

உதவி அறிவிப்பு வந்ததும் தலைப்புச் செய்தியில் வரும் பெரிய தொகையை விட்டுவிட்டு, அது கடனா, கடன் உத்தரவாதமா, பங்கு முதலீடா என்று பாருங்கள். கடனென்றால், திவாலில் அதைத் தீர்த்த பிறகுதான் பங்குதாரரான உங்கள் முறை வரும். ஈவுத்தொகைத் தடையும் வரலாம். அமெரிக்காவின் 2020 ஊதிய உதவியில் 2021 செப்டம்பர் 30 வரை அப்படித்தான்.

அடுத்து கையிருப்பு ரொக்கம். பயணம் நடக்காத டிக்கெட்டுகளுக்கு வாங்கிய பணமும் அதற்குள் இருக்கும். விமானம் ரத்தானால் திருப்பித் தர வேண்டிய பணம் அது. அதைக் கழித்துவிட்டு, மீதியை மாதாந்திர ரொக்க இழப்பால் வகுங்கள். விமானக் குத்தகை, சம்பளம், பராமரிப்பு எல்லாம் சேர்த்துத்தான். ஆறு மாதத்துக்கும் கீழே வந்தால், புதிய பங்கு வெளியீடு வருமென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் 500 பங்குகள் உங்கள் மொத்த முதலீட்டில் 5%க்கு மேல் என்றால், அறிவிப்பு நாளின் ஏற்றத்தில் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். உரிமைப் பங்கு வெளியீடு (இருக்கும் பங்குதாரர்களுக்கே புதிய பங்குகளை வாங்கும் உரிமை தருவது) வந்து, பணம் போட மனமில்லையென்றால், அந்த உரிமையை விற்க வழியிருக்கிறதா பாருங்கள். விற்பதற்கான கடைசி நாள், விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும்.