பல்கலைக்கழக அலுவலகப் பணியாளர்களைச் சுற்றுச்சூழல் விஷயத்தில் ஈடுபட வைப்பது எப்படி?

நீங்கள் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர், பசுமை வளாகக் குழுவுக்கு உங்களை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் அலுவலகப் பணியாளர்கள் ஒத்துழைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. எங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தோம், போட்டோ எடுத்தார்கள். ஆனால் கேன்டீனிலிருந்து டீ அதே கப்பில்தான் வந்துகொண்டிருந்தது. விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும்போது குப்பைத்தொட்டி வழிந்து வராந்தாவெல்லாம் கப்பாகக் கிடக்கும்.

ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ளலாம் என்று பிரிவில் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அலுவலக உதவியாளர் அக்கா மட்டும் கேட்டார்: "டம்ளர் வாங்குறது நல்லதுதான் மேடம். கழுவுறது யாரு?"

இதற்குப் பதில் இல்லாமல் தீட்டுகிற எந்தப் பசுமைத் திட்டமும் கடைசியில் ஒருவர் தலையில்தான் விடியும். அடுத்தவர் குடித்த எச்சில் டம்ளர் நம் அலுவலகங்களில் யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். பெண்ணாக இருப்பவர் கைக்கு, தொகுப்பூதியத்தில் இருப்பவர் கைக்கு. அதனால் அவரவர் டம்ளரை அவரவர்தான் கழுவ வேண்டும், அதிகாரியும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டேன். என் டம்ளரை எல்லார் கண்ணிலும் படும்படி நானே கழுவினேன். மூத்த ஆண் பணியாளர்கள் சிலருக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. ஒருவர் டீ குடிக்க வெளியே கடைக்கே போக ஆரம்பித்தார். நான் வற்புறுத்தவில்லை. அந்த அக்காவிடம் நீட்டாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. எங்கள் தளத்தில் குழாய் இருந்தது கழிப்பறைக்குள் மட்டும். குடிக்கிற டம்ளரை அங்கே கொண்டுபோய்க் கழுவ யாருக்கு மனசு வரும்? பொறியியல் பிரிவுக்குக் கடிதம் எழுதி, நினைவூட்டல் எழுதி, நேரிலும் போய் நின்று, வராந்தா ஓரத்தில் ஒரு தொட்டியும் குழாயும் போட வைத்தேன். பிளாஸ்டிக் பூசிய கப் வருவது நின்றது அதற்குப் பிறகுதான். உறுதிமொழிக்கு அசையாதவர்கள் பக்கத்தில் தண்ணீர் வந்ததும் தாங்களாகவே மாறினார்கள். அதனால்தான் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

டம்ளர் கழுவினால் புவி வெப்பமாதல் நின்றுவிடுமா என்று யாராவது கேட்பார்கள். நிற்காது, நானும் அப்படிச் சொல்லவில்லை. பெரிய செலவு மின்சாரத்தில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கை எங்கள் கண்ணில் காட்டியவர் யார்? வளாகம் முழுவதுக்கும் ஒரே உயரழுத்த இணைப்பு, ஒரே பில், அது நேராக நிதிப் பிரிவுக்குப் போகிறது. எங்கள் பிரிவு எத்தனை யூனிட் எரிக்கிறது என்று எங்களுக்கே தெரியாதபோது எதைக் குறைப்பது? கட்டடத்துக்கு ஒரு துணை மீட்டர் வைத்து, மாதாமாதம் அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை பி.எல்.டி.சி. (BLDC) ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாள் முழுக்க ஃபேன் சுற்றுகிற தேர்வுக் கூடங்களில் இந்த வித்தியாசம் பெரிது. ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் செயலகமே சொல்கிறது. இதெல்லாம் எங்கள் எலக்ட்ரீஷியனுக்கு அத்துப்படி. அவரை எந்தக் குழுவும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் 'கிரீன் இம்பாக்ட்' திட்டத்தை இங்கே கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பணியாளர்கள் குழுவாகச் சேர்ந்து, செயல்பட்டியலில் உள்ளதைச் செய்து, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருது வாங்குவது. நல்ல ஏற்பாடு, ஏனென்றால் அதில் செய்தவர்களுக்கே பெயர் கிடைக்கிறது. இங்கே அது நடக்குமா என்பதுதான் என் சந்தேகம். கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) குழு வந்தபோது ஏழாவது அளவுகோலுக்கான 'சிறந்த நடைமுறைகள்' பகுதியில் எங்கள் டம்ளர் விஷயம் பளபளப்பான தாளில் அச்சாகியிருந்தது. படத்தில் பேராசிரியர்கள் நின்றார்கள். கழுவுறது யாரு என்று கேட்ட அக்கா இல்லை. அவருக்குத் தொகுப்பூதியம் வராமல் நிலுவையில் கிடந்த சமயம் அது. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட நகையை அடகு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடமாக வேலை பார்ப்பவர்களை நிரந்தரம் செய்யாமலே ஓய்வு வயதுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். பட்டமளிப்பு விழாப் பந்தலுக்கு மட்டும் எப்படியோ நிதி வந்துவிடுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மாதச் சம்பளமே ஒழுங்காக வராதவரிடம் பல்கலைக்கழகத்தின் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, உங்கள் மேல் நிச்சயமாக இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதே பெரிது. உங்கள் குழுவில் ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு தூய்மைப் பணியாளர், பண்டகசாலையிலிருந்து ஒருவர், தேர்வுப் பிரிவிலிருந்து ஒருவர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயரையும் அறிக்கையில் போடுங்கள். கூட்டத்தை வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள். மாலையில் வைத்தால் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், அதையும் ஒத்துழையாமை என்று எழுதிவிடாதீர்கள்.