லூபஸ் மாத்திரை எடுக்கிறேன், பல் பிடுங்கலாமா?

கேள்வி: என் வயது 34. ஆறு வருடமாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருக்கிறது. இடையில் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பிரெட்னிசோலோன் 7.5 மி.கி., மைக்கோஃபீனோலேட், ஆஸ்பிரின் 75, பிரஷருக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும், இன்னொன்றுக்கு ரூட் கனால் செய்ய வேண்டும் என்று பல் டாக்டர் சொல்கிறார். "அஞ்சு நாள் முன்னாடியே எல்லா மாத்திரையையும் நிறுத்திடு, இல்லேன்னா ரத்தம் நிக்காது" என்கிறார் என் நாத்தனார். என்ன செய்வது? (வாசகி, சேலம்)

பதில்: பல்லைத் தாராளமாகப் பிடுங்கலாம். மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பல் பிடுங்கும் அந்தப் பத்து நிமிடத்தைவிட, வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை விடுவதும், பிடுங்கிய பிறகு கையில் தரும் மருந்துச் சீட்டும்தான் அதிகத் தொல்லை தருகின்றன.

நாத்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதுபோல் செய்தால் பலன் இல்லை, ஆபத்துதான் உண்டு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடம்பை விட்டு வெளியேற வாரக்கணக்கில் ஆகும். ஐந்து நாள் விட்டால் எதுவும் மாறாது. அதற்கும் ரத்தக் கசிவுக்கும் பெரிய சம்பந்தமும் இல்லை. அதையே நீண்ட நாள் விட்டால் கதை வேறு. 1991-இல் கனடாவில் 47 லூபஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இந்த மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்காக இருந்தது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது இதைவிட மோசம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். வலி, பயம், தொற்று என்று உடம்புக்கு நெருக்கடி வரும்போது தேவையான கார்ட்டிசாலை அதனால் உடனே சுரக்க முடியாது. பிரஷர் இறங்கி மயக்கம் வரும். அதனால் பல் பிடுங்கும் நாளில் காலை மாத்திரையைக் கட்டாயம் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அப்பாயின்ட்மென்ட் காலையில் இருந்தால் நல்லது. மரப்பு ஊசி போட்டு ஒரு பல்லை எடுப்பதற்கு வழக்கமான அளவே பெரும்பாலும் போதும். ஒரே நேரத்தில் பல பற்களை எடுப்பது, தாடை எலும்பை வெட்டி எடுப்பது, முழு மயக்கம் கொடுப்பது என்றால் அன்றைக்கு மட்டும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அதை லூபஸுக்கு உங்களைப் பார்க்கும் வாத நோய் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆஸ்பிரின் 75-ஐயும் நிறுத்த வேண்டாம். கசிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிப்பது, தேவைப்பட்டால் ஒரு தையல் என்று பல் டாக்டரால் சமாளிக்க முடியும். அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினைக்காக (ரத்தம் எளிதில் உறைந்து கட்டும் கோளாறு), உறைதலைத் தடுக்கும் வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுக்கும் லூபஸ்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் அதை விட்டால் ரத்தக்கட்டி வந்து பக்கவாதம்வரை போகலாம். பிடுங்குவதற்கு முந்தைய நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து, அந்த எண்ணை வைத்து மருத்துவர்கள் பேசி முடிவெடுப்பார்கள்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபீனோலேட்டையும் பொதுவாகத் தொடரலாம். சீழும் காய்ச்சலும் இருந்தால் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

போவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை எடுத்துப் போகாதீர்கள், ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். லூபஸும் அதன் மருந்துகளும் பிளேட்லெட்டையும் வெள்ளணுக்களையும் குறைக்கக்கூடியவை. பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் பல் பிடுங்குவதைப் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள், அல்லது மருத்துவமனையில் வைத்துச் செய்வார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் வேண்டும். ஸ்டீராய்டால் எலும்பு தேயாமலிருக்க அலென்ட்ரோனேட் மாத்திரையோ ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ எப்போதாவது எடுத்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு ஊசி என்பதால் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து, அரிதுதான் என்றாலும், இவற்றால் உண்டு.

"முன்னெச்சரிக்கையா ஆன்டிபயாடிக் போட்டுக்கணுமா?" என்று பலர் கேட்பார்கள். லூபஸ் என்ற ஒரே காரணத்துக்காகத் தேவையில்லை. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், இதய உட்சுவரில் ஏற்கெனவே தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் பிடுங்குவதற்கு முன் ஒரு டோஸ் தருவார்கள். வெள்ளணு மிகவும் குறைந்திருந்தால் அது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்.

இனி அந்தச் சீட்டு. நம் ஊரில் பல் பிடுங்கினால் வலிக்கு டைக்ளோஃபெனாக், கெட்டோரோலாக், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றில் ஒன்று அநேகமாக வந்துவிடும். சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்ட உங்களுக்கு இவை ஆகாது. பாராசிட்டமால் 650 போதும், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு விஷயம் கவனியுங்கள்: அட்டையில் 'பாராசிட்டமால்' என்று பார்த்ததும் சரி என்று விழுங்கிவிடாதீர்கள். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எல்லா மெடிக்கலிலும் கிடைக்கிறது. பெயர் வரிசை முழுவதையும் படியுங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், பெனிசிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அமாக்ஸிசிலின் ஒத்துப்போகும். கோட்ரைமாக்ஸசோல் போன்ற சல்பா மருந்துகள் லூபஸைக் கிளப்பிவிடலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெட்ரோனிடசோல் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.

இவ்வளவையும் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு விளக்க முடியாது. நோயின் பெயர், எல்லா மருந்தும் அளவும், கடைசி ரிப்போர்ட், ஒவ்வாமை, வாத நோய் மருத்துவரின் போன் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த மருத்துவரிடம் இரண்டு வரி கடிதமும் வாங்கினால் இன்னும் நல்லது.

பிடுங்கிய பிறகு முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ ஸ்ட்ராவில் உறிஞ்சவோ கூடாது. உங்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: ஸ்டீராய்டும் மைக்கோஃபீனோலேட்டும் காய்ச்சலை மறைத்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, வீக்கம் பெரிதானாலோ, காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வாந்தி வந்து பிரெட்னிசோலோன் வயிற்றில் தங்கவில்லை என்றால் ஊசியாகப் போட வேண்டியிருக்கும். தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் காஷுவால்டிக்குப் போய்விடுங்கள்.

ரூட் கனாலுக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை, அதில் ரத்தக் கசிவு குறைவு. அதே வலி மாத்திரை விதிதான். அந்தப் பல்லில் சீழ் இல்லையென்றால், பிடுங்கிய இடம் ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். சீழ் இருந்தால் லூபஸ் முழுதாக அடங்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், ஈறு வளர்ந்து தடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். இருந்தால் பிரஷர் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.