'டு' எங்கே, 'தேன்' எங்கே?

கேள்வி: தேர்வில் 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் தேன் ரன்னிங்' என்று எழுதினேன். 'தேன்' தவறு, 'டு' வர வேண்டும் என்று ஆசிரியர் திருத்தினார். அடுத்த தேர்வில் கவனமாக 'ஐ உட் ராதர் வாக் டு ரன்' என்று எழுதினேன். அதுவும் தவறாம், அங்கே 'தேன்' வர வேண்டுமாம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே? இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா, மனப்பாடம் செய்வதுதான் வழியா?

பதில்: விதி இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. காரணம் புரிந்தால் மனப்பாடத்துக்கு வேலை குறைவு.

குழப்பம் தமிழிலிருந்துதான் தொடங்குகிறது. 'ஓடுவதைவிட நடப்பது பிடிக்கும்' என்று சொல்ல நமக்கு 'விட' ஒன்று போதும். 'காட்டிலும்' என்றாலும் பொருள் மாறாது. அதனால் ஆங்கிலத்திலும் 'விட' என்பதற்கு ஒரே சொல்லைத் தேடுகிறோம்; கையில் கிடைப்பது 'தேன்'. ஆங்கிலத்திலோ 'டு' வருமா, 'தேன்' வருமா என்பதை முன்னால் வரும் சொல்தான் முடிவு செய்கிறது.

'ப்ரிஃபர்' லத்தீனிலிருந்து வந்த சொல். 'முன்னால் ஏந்துதல், முன்னால் வைத்தல்' என்பது அதன் மூலப்பொருள். எதற்கு முன்னால்? இந்த 'எதற்கு' என்பதில் உள்ள 'கு' உருபைக் கவனியுங்கள். லத்தீனிலும் அந்த இடத்தில் நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான வேற்றுமைதான் வந்தது. ஆங்கிலத்தில் அதன் இடத்தை 'டு' நிரப்புகிறது. 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு ரன்னிங்' என்றால், ஓடுவதற்கு முன்னால் நடப்பதை வைக்கிறேன் என்று பொருள். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' ஆகியவையும் லத்தீன் வழி வந்தவை. அவையும் 'டு' தான் கேட்கும்.

'ராதர்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல். 'விரைவாக' என்று பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லின் ஒப்பீட்டு வடிவம் அது. 'டாலர்' (அதிக உயரமான), 'ஃபாஸ்டர்' (அதிக வேகமான) போன்றவற்றின் ஈற்றில் கேட்கும் அதே 'அர்' தான் இதிலும் இருக்கிறது. 'டாலர் தேன்', 'ஃபாஸ்டர் தேன்' என்று சொல்வதைப் போலவே 'ராதர்' வந்தால் 'தேன்' வரும்: 'ஐ உட் ராதர் வாக் தேன் ரன்'. 'லைக்' என்ற சொல்லைக் கொண்டு சொன்னால் 'ஐ லைக் வாக்கிங் பெட்டர் தேன் ரன்னிங்'. இங்கும் 'பெட்டர்' ஒப்பீட்டு வடிவம் என்பதால் 'தேன்'.

ஒரே ஓர் இடத்தில் இவை கலக்கும். 'ப்ரிஃபர்' என்பதற்குப் பின் 'வாக்கிங்' என்று வராமல் 'டு வாக்' என்று வந்தால், இன்னொரு 'டு' சேர்ந்து வாக்கியம் திக்கும். அப்போது ஆங்கிலம் 'ராதர்' என்பதைத் துணைக்கு அழைக்கிறது: 'ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் ரன்'. இங்கே 'தேன்' சரி. அதைக் கொண்டுவந்தது 'ராதர்'. தேர்வுகளில் கேள்வி வைப்பவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

வினை வடிவத்தையும் பாருங்கள். 'உட் ராதர்' என்பதற்குப் பின் வெறும் வினை: 'வாக்'. 'உட் ப்ரிஃபர்' என்பதற்குப் பின் 'டு' சேர்ந்த வினை: 'டு வாக்'. வெறும் 'ஐ ப்ரிஃபர்' பொதுவான வழக்கத்தைச் சொல்கிறது. 'ஐ உட் ப்ரிஃபர்' இந்த முறை என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறது. தமிழில் 'எனக்கு நடப்பது பிடிக்கும்', 'இப்போது நடந்தே போகிறேனே' என்று நாமும் இவற்றைப் பிரித்துத்தான் பேசுகிறோம். 'ஐ ஆம் ப்ரிஃபரிங்' வேண்டாம். மறுப்பதானால் 'நாட்' என்பதை 'ராதர்' என்பதற்குப் பின்னால் வையுங்கள்: 'ஐ உட் ராதர் நாட் கோ'.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து அங்கேதான் தடுமாறுவீர்கள். என் விருப்பம் இன்னொருவர் செய்ய வேண்டியதைப் பற்றியது என்றால்? 'நீங்கள் நாளை வந்தால் நன்றாக இருக்கும்' என்பது 'ஐ உட் ராதர் யூ கேம் டுமாரோ' என்றாகும். நாளை நடக்க வேண்டியதற்கு 'கேம்' என்று இறந்தகாலமா என்று மாணவர்கள் திகைக்கிறார்கள். நம் 'வந்தால்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: 'வந்த்' என்ற இறந்தகால அடியோடு 'ஆல்' சேர்ந்ததுதான் அது. நாளைய வருகையைச் சொல்ல நாமும் இறந்தகால அடியைத்தான் எடுக்கிறோம்! பேச்சில் 'கம்' என்றும் காதில் விழும். தேர்வில் 'கேம்' என்றே எழுதுங்கள். நடந்து முடிந்ததைப் பற்றிய வருத்தம் என்றால் 'ஐ உட் ராதர் யூ ஹேட் டோல்ட் மீ', அதாவது 'நீங்கள் சொல்லியிருக்கலாம்'. 'ப்ரிஃபர்' கொண்டு சொன்னால் இந்தச் சிக்கல் இல்லை: 'ஐ உட் ப்ரிஃபர் யூ டு கம் டுமாரோ'.

'ஐட் ராதர்' என்று சுருக்கும்போது ஒளிந்திருப்பது 'உட்'. 'ஐட் பெட்டர்' என்பதில் ஒளிந்திருப்பது 'ஹேட்'. பின்னது விருப்பம் அன்று, எச்சரிக்கை. 'பெட்டர்' என்ற சொல்லை நம்பி, மேலதிகாரிக்கு 'யூ ஹேட் பெட்டர் கம் டுமாரோ' என்று எழுதிவிட்டால், 'நாளை வந்துவிடுங்கள், இல்லையென்றால் பாருங்கள்' என்று மிரட்டியதாக ஆகிவிடும். மதிப்பெண்ணைவிட உறவைக் கெடுக்கக்கூடிய பிழை இது.

'ப்ரெஃபரபிள்' என்பதிலேயே 'மேலானது' என்ற பொருள் அடங்கியிருக்கிறது; 'மோர்' சேர்க்காதீர்கள். எழுத்துக்கூட்டலில், 'ப்ரிஃபர்ட்', 'ப்ரிஃபரிங்' இரண்டிலும் அழுத்தம் 'ஃபர்' மீது விழுவதால் 'ஆர்' எழுத்து இரட்டிக்கும். 'ப்ரெஃபரன்ஸ்', 'ப்ரெஃபரபிள்' ஆகியவற்றில் அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடுவதால் ஒற்றை 'ஆர்' போதும்.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள்களைக் குறிப்பிட்டு எது வசதி என்று கேட்டால், 'ஐ உட் ப்ரிஃபர் ட்யூஸ்டே, இஃப் பாசிபிள்' என்று எழுதுங்கள். மற்ற நாளைக் குறிப்பிடவே தேவையில்லை; 'டு'வும் வேண்டாம், 'தேன்'னும் வேண்டாம்.