உறையும் சர்க்கரைநீரும் அசையாத ஹம்மிங் பறவையும்

வணக்கம். சியாட்டிலில் உங்கள் வீட்டுப் பின்புறம் தொங்கும் சர்க்கரைநீர்க் குப்பி இரவில் உறைந்துவிடுவதாகவும், காலையில் அதன் விளிம்பில் ஒரு ஹம்மிங் பறவை அசைவின்றி அமர்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அது இறந்துவிட்டதென்று தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள். குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிடும் அன்னா ஹம்மிங் பறவை, உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, உறக்கத்தைவிட ஆழ்ந்த மந்த நிலையில் குளிர் இரவுகளைக் கழிப்பதால், அது தானாக விழித்தெழும்வரை தொடாமல் விடுவதே நல்லது. விழித்தவுடன் அதற்கு உணவு கிடைத்தாக வேண்டும். ஆகவே குப்பியை இருட்டிய பிறகு உள்ளே எடுத்து வைத்து, விடியும் முன்பே வெளியே தொங்கவிடுங்கள். பகலிலும் உறைந்தால் இரண்டு குப்பிகளை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு 4 பங்கு நீர் போதும். தேனும் சிவப்புச் சாயமும் வேண்டவே வேண்டாம்.