அரிவாளுக்கு அடுத்த நாள் செய்தி

கேள்வி: பேப்பரைப் பிரித்தாலே வெட்டு, குத்து, விபத்துதான். 'ஆக்கபூர்வ இதழியல்' என்கிறார்களே, அது நல்ல செய்தியாகப் பொறுக்கிப் போடுவதா? அப்போது கெட்டதை யார் கேட்பது?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நல்ல செய்தி போடுவது வேறு, இது வேறு. டென்மார்க்கின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் செய்திப் பிரிவுத் தலைவராக இருந்த உல்ரிக் ஹாகரப் இதை வலியுறுத்தி, 2017-ல் ஆர்ஹுஸ் நகரில் இதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். என்ன நடந்தது, யார் காரணம் என்பதோடு நிறுத்தாமல், இனி என்ன செய்யலாம், எங்கேயாவது செய்து பார்த்திருக்கிறார்களா, அது பலித்ததா என்றும் கேட்பதுதான் இது.

நம்ம நாங்குநேரியையே எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அதே பள்ளிப் பையன்கள் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். நாள் கணக்கில் ரத்தமும் அழுகையும் காட்டினார்கள். அப்புறம் நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று பல பரிந்துரைகள். டிவியில் விவாதம் நடந்தது, முடிந்தது. எனக்கு வேண்டிய செய்தி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு நிருபர் களக்காட்டிலோ வள்ளியூரிலோ பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, கயிறு கழன்றதா, கழன்றது என்றால் எந்த வாத்தியார் என்ன பேசிக் கழற்ற வைத்தார், கழலவில்லை என்றால் யார் தடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதட்டும். கயிற்றைக் கழற்றிவிட்டு வேறு அடையாளத்துக்கு மாறியிருந்தால் அதையும் எழுத வேண்டும், பலிக்காததை மறைத்தால் அது விளம்பரம்.

கேள்வி: இதையெல்லாம் போட்டால் டி.ஆர்.பி. வருமா?
- வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, உங்கள் ஊர் ஸ்டேஷனில்தான் பயணிகளோடு ரயில் மாட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் காட்டினார்கள், காட்ட வேண்டியதுதான். தண்ணீர் வடிந்ததும் கேமராவும் போய்விட்டது. உடைந்த குளங்களில் எத்தனையை அடைத்தார்கள், எந்தக் கரை இன்னும் வெறும் மண்ணாகக் கிடக்கிறது, எந்த ஊரில் மடையை ஒழுங்காகச் சரிசெய்தார்கள், அதற்கு யார் அலைந்தார்கள் என்று காட்டினால் தாமிரபரணித் தண்ணீரில் வாழை போடுகிறவர் சேனலை மாற்றுவாரா? டி.ஆர்.பி.க்கு நான் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த விவரம் அவர் கைக்கு வர வேண்டும்.