ஷூரிட்டி

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வயது 41. பத்து வருடமாக உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். ஒரு விஷயத்தை வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரவு வீடு அடங்கியதும் நான் உட்கார்ந்து பார்ப்பது ‘டாக் தி பவுன்டி ஹன்டர்’ மாதிரியான நிகழ்ச்சிகளை. அமெரிக்காவில் ஜாமீனில் வந்து ஓடிப்போனவர்களைத் துரத்திப் பிடிப்பார்களே, அது. அது முடிந்தால் தெருவில் கார்ப் பந்தயம் விடும் படங்கள். ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ முதல் படத்தை மட்டும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இப்போது பதினைந்து வயது மகனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். வீட்டில் திட்டு விழுகிறது.

இதில் அப்படி என்னதான் ஈர்ப்பு? உள்ளே ஒளிந்திருக்கும் வன்முறை ஆசையா? கோயம்புத்தூர் மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர், அதனால் நம் ரத்தத்திலேயே ஊறியதா? பையன் கெட்டுப்போவானா? தரமான வாசிப்பு உள்ள ஒருவன் இதையெல்லாம் பார்க்கலாமா?

ச., பெருந்துறை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ‘தரமான வாசிப்பு உள்ள ஒருவன்’ என்று உங்களைப் பற்றி நீங்களே எழுத எப்படி மனம் வந்தது? பத்து வருடம் வாசித்ததில் இதுதான் மிச்சம் என்றால் நான் எழுதியதை நிறுத்திவிட்டு வெங்காயம் போட்டிருக்கலாம். பிடித்ததைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதிப் பாவமன்னிப்புக் கேட்காதீர்கள்.

ரத்தத்தில் ஊறியது என்பதையும் விட்டுவிடுவோம். நம் வயதில் ரத்தத்தில் ஊறுவது சர்க்கரை மட்டும்தான். செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் 2003 முதல் பந்தயத் தடம் இருக்கிறது, நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார், எல்லாம் சரி. அது ஹெல்மெட், ஆம்புலன்ஸ், லைசென்ஸ் வைத்துக்கொண்டு செய்கிற காரியம். அவினாசி சாலை மேம்பாலம் பத்து கிலோமீட்டர் காலியாகக் கிடக்கிறதே என்று நடுராத்திரியில் சைலன்சரை மாற்றிக்கொண்டு கிளம்புகிறவனுக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. உங்கள் பையன் அந்தப் பக்கம் போனால் என்னிடம் கேட்காதீர்கள், சாவியைப் பிடுங்கி வையுங்கள். அந்தப் படத்தின் கதாநாயகர்களில் ஒருவரான பால் வாக்கர் 2013இல் கார் விபத்தில்தான் இறந்தார், அதுவும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது. இதையும் அவனிடம் சொல்லுங்கள்.

(நமக்குப் பழக்கமான பந்தயம் வேறு. நம் பக்கத்து ரேக்ளாவில் மாட்டு வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து, ஒவ்வொரு ஜோடியாக ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அமெரிக்காக்காரன் கால் மைலுக்கு எத்தனை வினாடி என்று பார்க்கிறானே, அதே கணக்கு. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன மாதம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததும் அப்போதுதான்.

நீங்கள் பார்க்கிற நிகழ்ச்சியில் அந்த டுவேன் சாப்மன் யாருக்காகத் துரத்துகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? போலீசுக்காக என்றால் தப்பு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஜாமீன் ஒரு வியாபாரம். கோர்ட் கேட்கும் தொகையைக் கட்ட வழியில்லாதவன் பாண்டு கம்பெனிக்குப் போகிறான். பெரும்பாலும் பத்து சதவீதம் கட்டணம், அது திரும்பி வராது. மிச்சத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்கும். ஆனால் சும்மா ஏற்குமா? அவனுடைய அம்மாவோ அக்காவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும், பல சமயம் வீட்டையோ காரையோ எழுதிக்கொடுத்து. அவன் வாய்தாவுக்கு வராமல் ஓடினால் கோர்ட் கம்பெனியின் கழுத்தைப் பிடிக்கும், கம்பெனி அந்த அம்மாவின் கழுத்தைப் பிடிக்கும். ஆளைப் பிடித்துக்கொடுத்தால் எல்லோர் கழுத்தும் தப்பும். ஜாமீன் நின்றவர் தன் ஆளை இன்னொரு மாநிலம் வரை துரத்தலாம், தேவைப்பட்டால் அவன் வீட்டுக் கதவை உடைத்தும் பிடிக்கலாம் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1872ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் எழுதிவைத்தது. இன்றுவரை அந்த வரியை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

அதே 1872இல்தான் நமக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. 128ஆம் பிரிவு: கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. அவர்களுக்குக் கதவை உடைக்கிற உரிமை கிடைத்தது, நமக்குக் கழுத்தை நீட்டுகிற உரிமை. சங்ககிரியில் லாரி ஓடியதும் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஓடியதும் டீசலில் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? மாமனும் மச்சானும் பங்காளியும் போட்ட ஷூரிட்டிக் கையெழுத்தில் ஓடியது ஐயா.

என் ஊர் அந்த இரண்டுக்கும் நடுவில். 1986இல் என் மாமா, அம்மாவின் தம்பி, பழைய டாட்டா 1210 ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்தார். ஷூரிட்டி என் அப்பா. எட்டாவது தவணையோடு டியூ நின்றது. மாமா நாக்பூர், இந்தூர் என்று வடக்கேயே லோடு அடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் வருவதை விட்டார். ஒரு நாள் மத்தியானம் எஸ்டி பைக்கில் இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் நோட்டு வைத்திருந்த கணக்குப்பிள்ளை. இன்னொருவர் ஒல்லியாக, கட்டம் போட்ட சட்டையில். வண்டி தூக்குகிறவர். கணக்குப்பிள்ளைதான் சத்தம் போட்டார். அம்மா மோர் கொடுத்தாள். ஒல்லி ஆள் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க அக்கா, உங்க தம்பிக்கு என்ன கறிங்க புடிக்கும்?”

அம்மா வெள்ளந்தி. “கொடலுன்னா உசுருங்க” என்றாள்.

நான்காம் நாள் ஜீப் வந்தது. ஜாமீன்தாரர் கூட வர வேண்டும் என்றார்கள். அப்பா துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்குப் பதினான்கு வயது, ஊர் சுற்றுகிற சந்தோஷம். தொப்பூர்க் கணவாய்க்கு முன்னால் லாரிக்காரர்கள் நிறுத்துகிற ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே குடல் குழம்பு பேர்போனது. இரண்டு ராத்திரி காத்திருந்தோம். “ஆளைத் தேடுனா கெடைக்க மாட்டானுங்க. அவன் சோறு திங்கற எடத்துல போய் உக்காந்துக்கோணும்” என்று ஒல்லி ஆள் அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது.

இரண்டாம் ராத்திரி மூன்று மணி வாக்கில் 1210 வந்து நின்றது. மாமா இறங்கி, முகம் கழுவி, இலை முன் உட்கார்ந்தார். அப்பா எழுந்தார். ஒல்லி ஆள் அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தார். “சாப்புடட்டுங்க.”

மாமா கடைசி உருண்டையை எடுக்கும்போது போய் எதிரில் உட்கார்ந்து, இலைக்குப் பக்கத்தில் கிடந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சத்தமில்லை. மாமா ஓடவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் அந்த மனிதர் இரண்டு டீ சொல்லி ஒன்றை மாமா பக்கம் தள்ளினார். “மேல சாமி படம் இருக்குதுங்க. எடுத்துக்கங்க. அது ஃபைனான்ஸ்ல வராது.”

சாப்மன் பிடித்தவனைக் கார் பின்சீட்டில் உட்காரவைத்து சிகரெட் கொடுத்துப் பேசுவார் பாருங்கள், திருந்து, பிள்ளை குட்டிகளை நினைத்துப்பார் என்று. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த டீதான் ஞாபகம் வரும். நீங்கள் ராத்திரி தூங்காமல் காத்திருப்பதும் அதற்காகத்தான் என்பேன். கதவை உதைப்பது உங்களுக்கு முக்கியமில்லை. வன்முறை ஆசை என்கிறீர்கள், அங்கே வன்முறை எங்கே இருக்கிறது? கொலை வழக்கில் ஒரு காலத்தில் சிறைக்குப் போனவர் என்பதால் அந்த மனிதர் துப்பாக்கியே வைத்துக்கொள்ள முடியாது. மிளகாய்த் தெளிப்பானோடு ஓடுகிறார். 2004 முதல் 2012 வரை எட்டு வருடம் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள் என்றால் பார்த்தது அந்தப் பின்சீட்டைத்தான்.

அந்த ஒல்லி ஆளைத் தியாகி ஆக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்குக் கமிஷன் உண்டு. அவர் தொழிலில் எத்தனையோ பேர் ரோட்டில் பெண்டு பிள்ளைகளோடு போகிறவனை இறக்கிவிட்டு அடித்து வண்டி பிடுங்கியிருக்கிறார்கள். 2007இல் உச்ச நீதிமன்றமே, கடன் வசூலுக்கு அடியாட்களை வைக்காதே என்று கண்டிக்கும் அளவுக்குப் போனது. எங்களுக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவ்வளவுதான்.

வண்டி ஏலத்தில் போனது. பாக்கி அடையவில்லை. கிணற்றடியில் ஒன்றரை ஏக்கரை அப்பா விற்றார். மாமா ஆறு வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்து நின்றார், தாம்பாளம் தாம்பாளமாக. அந்தச் சீரும் கடன் என்று பின்னால் தெரிந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. ஆனால் தொப்பூருக்குப் பிறகு எங்கள் வீட்டில் குடல் எடுப்பது நின்றுபோயிருந்தது.

இப்போது உங்கள் பந்தயப் படத்துக்கு வாருங்கள். பத்துத் தடவை பார்த்தீர்களே, என்ன பார்த்தீர்கள்? 2001இல் வந்த அந்த முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். பந்தயத்தில் தோற்றவன், தோற்ற வண்டியும் சுடப்பட்டு வெடித்துப் போனதால், ஜெயித்தவனுக்குப் பத்து வினாடியில் கால் மைல் ஓடும் வண்டி ஒன்று தர வேண்டியிருக்கிறது. கடன்! கடைசியில் போலீஸ் சைரன் நெருங்கும்போது, மாறுவேடப் போலீசாக வந்து பிடிக்க வேண்டிய அவனே தன் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்து ஜெயித்தவனைத் தப்பவிடுகிறான். கடன் தீர்ந்தது. நடுவில் ஓடுகிற கார்கள் எல்லாம் வட்டி.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெஸ்ஸி என்று ஒரு சின்னப் பையன், வண்டியையே பந்தயம் வைத்து ஓட்டித் தோற்கிறான். தோற்றவன் வண்டியின் உரிமைத் தாளை ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் ஓடிவிடுகிறான். ஏன்? அது அவன் அப்பா வண்டி. அப்பன் ஜெயிலில் இருக்கிறான். உங்கள் பையனோடு அடுத்த தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி, “இது யார் வண்டி கண்ணு?” என்று கேளுங்கள். வேறு பாடம் நடத்த வேண்டாம். நம் ஊரில் இந்தக் கதை நடக்கவே நடக்காது, அது வேறு விஷயம். ஹெச்.பி., அதாவது தவணைக் கடன், போட்ட வண்டியை எவன் பந்தயம் கட்டுவான்? ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ் பேர் ஏறியிருக்கும். என்.ஓ.சி. வாங்காமல் தோற்கக்கூட முடியாது.

எனக்கு அந்தப் படங்கள் மேல் ஒரே கோபம்தான். குடும்பம் குடும்பம் என்று உருகுகிறார்கள், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாமி கும்பிட்டுச் சாப்பிடுகிறார்கள், அந்த மேஜையில் ஷூரிட்டி போட்டவன் ஒருத்தனைக் காட்டியதில்லை. டர்போ என்ன விலை, டயர் என்ன விலை, யார் கையெழுத்தில் வந்தது? என் அப்பா மாதிரி ஒரு ஆள் அந்த மேஜையின் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பவுன்டி நிகழ்ச்சியில் அந்த அம்மாக்கள் நைட்டியோடு கதவைத் திறந்து வந்து நின்றாவது தொலைக்கிறார்கள்.

பையன் கெட்டுப்போவானா என்று கேட்டிருந்தீர்கள். மறந்தே போனேன். தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்காருகிறான் அல்லவா, இந்த வயதில் அது எத்தனை அப்பன்களுக்குக் கிடைக்கிறது? நகர்ந்து இடம் கொடுங்கள்.

போன மாதம் போட்ட கையெழுத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அந்த மாமாவின் பேரன், இருபத்திரண்டு வயது, என்னை மாமா என்று கூப்பிடுகிற முறை. பெரிய பைக் ஒன்று எடுக்க வேண்டும், சிபில் ஸ்கோர் போதவில்லை, ஷூரிட்டி கேட்கிறார்கள் என்று வந்து நின்றான். வீட்டுக்காரி உள்ளிருந்து கண்ணைக் காட்டினாள். பேனா என்னிடமே இருந்தது.

முதல் தவணை கட்டிவிட்டான். ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். “உங்களுக்கு வேண்டாங் மாமா, பிக்கப் அதிகம்” என்கிறான்.